முதியவர்களின் மருந்தும் பராமரிப்பும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து நகரத்துக்கு வரும் முதியவரின் கையில் பெரும்பாலும் ஒரு ஷொப்பிங் பை இருக்கும். கிளினிக் கொப்பி, மடிப்பில் கிழியத் தொடங்கிய காணி உறுதி, அடையாள அட்டையின் போட்டோப் பிரதி, தீர்ந்துபோன மாத்திரை அட்டை என்று எல்லாம் அதற்குள்தான். இவர்களோடு பிரதேச செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வருவது என் வேலை. அந்தப் பையை மேசையில் கொட்டிவைத்துக்கொண்டு அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே கீழே இருப்பவை. உங்கள் விடயத்தில் கையெழுத்தோ வழக்கோ சம்பந்தப்படுமானால், இதை வாசித்த பிறகு ஒரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள்.

முதியவர்களுக்கென்று தனியாகச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 2011இல் அது திருத்தப்பட்டது. 60 வயதானவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் முதியவர். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களைப் பராமரிப்பதும் அவர்களுடைய தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியவருக்குத் தங்குமிடம் கொடுக்கும் பொறுப்பை அதே பிரிவு அரசின் மேல் வைக்கிறது.

இந்த இரண்டாவது பகுதியைப் பலர் அறிவதில்லை. “பிள்ளைகள் இல்லையென்றால் தெருதான்” என்று தம்பலகாமத்து ஐயா ஒருவர் என்னிடம் சொன்னபோது, பிரிவின் தமிழ் வாசகத்தை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார்.

முதியோர் அடையாள அட்டை எதற்கு? எடுக்கத்தான் வேண்டுமா?

எடுத்துவையுங்கள். 60 வயதானவர் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ விண்ணப்பிக்கலாம். கிளினிக் வரிசையிலும் அரச அலுவலகத்திலும் முன்னுரிமை கேட்பதற்கு அதுதான் கையிலிருக்கும் ஆதாரம். நாலு மணி நேரம் நிற்க முடியாத முழங்காலுக்கு அது பெரிய உதவி.

அப்பா “பிச்சைச் சம்பளம் வாங்க மாட்டேன்” என்கிறார். என்ன செய்வது?

முதலில் அந்தச் சொல்லை வீட்டிலிருந்து அகற்றுங்கள். ஊர் வாயில் நெடுங்காலமாகப் புழங்கும் இந்தப் பெயர் எத்தனை முதியவர்களைப் பிரதேச செயலக வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அரச ஆவணங்களில் அதன் பெயர் பொதுசன மாதாந்த உதவிப்பணம். உங்கள் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவராகவோ வயல் செய்தவராகவோ இருக்கலாம். அந்த நாற்பது வருடமும் தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டியவர். முதுமையில் வரும் கொடுப்பனவு அந்தக் கணக்கில் சேர்ந்தது. இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் இறங்கிவருகிறார்கள்.

70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு மாதக் கொடுப்பனவு வழங்குகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்த முன்மொழிந்தார்கள். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனிக் கொடுப்பனவுகள் உண்டு. அதே வரவு செலவுத் திட்டம் அவற்றை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக்கியது. சிறுநீரக நோய் உள்ளவர் முதியோர் கொடுப்பனவுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதுண்டு. எந்த வகையில் விண்ணப்பிப்பது பொருத்தம் என்று சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேட்டு, வைத்திய அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

மீனவர், விவசாயி ஓய்வூதியத் திட்டங்களில் முன்பு தவணைப் பணம் கட்டியவரென்றால் அந்தப் பழைய பற்றுச்சீட்டுகளையும் தேடி எடுங்கள்.

அஸ்வெசும பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. பக்கத்து வீட்டில் கிடைக்கிறது.

அஸ்வெசும என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் நலன்புரிக் கொடுப்பனவு. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் அது தொடங்கியது. 22 அளவுகோல்களை வைத்து வீட்டுக்குப் புள்ளி போடுகிறார்கள். ஓடு போட்ட வீடு, மின்சாரக் கட்டணம், வீட்டிலிருக்கும் வாகனம் என்று எல்லாம் கணக்கில் வரும். அங்கேதான் முதியவர் சிக்கிக்கொள்கிறார். மகளின் வீட்டு விறாந்தையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் அம்மம்மாவுக்கு அந்த வீட்டு மோட்டார் சைக்கிளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அது அவருடைய புள்ளியைப் பாதிக்கலாம்.

மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டை ஒப்பிட்டு எழுதுவதால் பயன் இல்லை. உங்கள் விண்ணப்பத்தில் எந்தத் தகவல் பிழையாகப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் தகவல் பிரிவில் கேட்டறிந்து, அந்த ஒரு பிழையைக் குறிவைத்து எழுதுங்கள். “நாங்கள் ஏழைகள்” என்று மூன்று பக்கம் எழுதியவர்களைவிட, “மோட்டார் சைக்கிள் மருமகனுடையது, அவருடைய பதிவுப் புத்தகத்தின் பிரதி இத்துடன்” என்று இரண்டு வரி எழுதியவர்களின் விண்ணப்பங்கள் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அரச வைத்தியசாலையில் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு தருகிறார்கள். இது சரியா?

இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். 1951இலிருந்து இருந்துவரும் ஏற்பாடு அது. மருந்து தட்டுப்பாடாகும்போது வெளியே எழுதித் தருகிறார்கள். 2022 நெருக்கடியில் இது அன்றாட நிகழ்வாகிவிட்டது. துண்டைக் கையில் வாங்கியதும் வெளியே ஓடாமல் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இதே வேலையைச் செய்யும் வேறு மருந்து உள்ளே இருக்கிறதா? வைத்தியசாலை தன் உள்ளூர்க் கொள்வனவு மூலம் இதை எடுத்துத்தர முடியுமா? அரச ஒசுசல மருந்தகத்தில் இது கிடைக்குமா? வைத்தியரோ மருந்தாளரோ பல வேளைகளில் மனம் வைத்து வழி சொல்வார்கள். கேட்காதவருக்குத் துண்டு மட்டுமே மிஞ்சுகிறது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பற்றுச்சீட்டை வீசிவிடாதீர்கள். பெரிய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்க முடியும். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பது நம்மைப் போன்ற தூர மாவட்டத்தாருக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன்பு படிவத்துக்காகவே கொழும்புக்கு இரவு ரயில் ஏறியவர்களை அறிவேன். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பம் பற்றி விசாரியுங்கள்.

“துண்டு வெட்டிவிட்டோம், கூட்டிப்போங்கள்” என்கிறார்கள். வீட்டில் பார்க்க ஆளே இல்லை.

துண்டு வெட்டுவதென்றால் நோயாளரை வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்ப எழுதிவிடுவது. இதுதான் எங்களுக்கு வரும் கேள்விகளில் மிகக் கடினமானது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவரையோ இடுப்பெலும்பு முறிந்தவரையோ பத்து நாள் வைத்திருந்துவிட்டு வார்ட்டில் இடமில்லை என்று அனுப்புகிறார்கள். வார்ட்டின் நெருக்கடி பொய்யல்ல. ஆனால் வீட்டில் இருப்பது அவருடைய எழுபது வயது மனைவி மட்டும். பிள்ளைகள் கத்தாரில். கட்டிலிலிருந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட அந்த அம்மாவால் முடியாது.

கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போவதற்கு முன்பு வார்ட்டுக்குப் பொறுப்பான வைத்தியரைச் சந்தித்து, வீட்டு நிலைமையை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: யார் வீட்டில் இருக்கிறார், அவருக்கு என்ன வயது, நோயாளரால் என்னென்ன தானாகச் செய்ய முடியாது. பேச்சு மறந்துபோகும், கடிதம் கோப்பில் இருக்கும். நோய் நிர்ணய அட்டையில் தேவையான பராமரிப்பையும் எழுதித்தரக் கேளுங்கள்: குழாய் மாற்றும் நாள், புண்ணுக்கு மருந்து கட்டும் முறை, உடற்பயிற்சி, அடுத்த கிளினிக் திகதி. கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றுக்கு, அல்லது வீட்டுக்குக் கிட்டிய சிறிய வைத்தியசாலைக்கு மாற்றிச் சில நாள் வைத்திருக்க முடியுமா என்றும் கேட்கலாம். நகரத்து வார்ட்டில் இல்லாத கட்டில் அங்கே இருக்கக்கூடும். வீட்டுக்குப் போனபின் கவனிப்புக்கு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பிரதேச செயலகத்திலும் அறிவித்துவையுங்கள்.

இரவில் மூச்சுத்திணறல், மயக்கம் என்று அவசரம் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கட்டணம் இல்லை. முச்சக்கரவண்டிக்குக் காசு புரட்டுவதில் அரை மணி நேரத்தை இழக்காதீர்கள்.

அம்மாவின் சிகிச்சைக்கு நான் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு எல்லாம் விளங்குகிறதே?

விளங்குகிறதென்றால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அம்மாதான். வயது ஏறியதால் ஒருவருடைய உடல் பற்றிய முடிவு பிள்ளைகளின் கைக்குப் போய்விடாது. அம்மாவின் தலைக்கு மேலே வைத்தியரும் மகனும் பேசி முடித்துவிடுவதை நான் பல கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வைத்தியரிடம், “அவரிடமே கேளுங்கள் டொக்டர்” என்று மட்டும் சொல்லுங்கள்.

படிவமும் கடிதமும் சிங்களத்தில் வருகின்றன. நாங்கள் என்ன செய்வது?

தமிழில் கேளுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். விளங்காத கடதாசியில் கைநாட்டு வைக்க வேண்டாம். “பிறகு விளங்கப்படுத்துகிறோம்” என்ற வார்த்தையை நம்பிக் கைநாட்டு வைத்தவர்களின் கோப்புகள்தாம் என் அலுமாரியில் தடிமனானவை.

வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். இப்போது என்னை வெளியேறச் சொல்கிறார்கள்.

நம்முடைய பகுதியில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். தமிழரிடையேயும் உண்டு, கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களிடையேயும் உண்டு. பெண்ணுக்கு ஒரு கூரை உறுதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வளர்ந்த வழக்கம் அது. ஆனால் அதற்குப் பிறகு தாய் தகப்பன் எங்கே படுப்பது என்பதை உறுதியில் யாரும் எழுதுவதில்லை. கலியாணத்துக்கு முன் நடு அறையில் படுத்த அம்மா, பேரப்பிள்ளை பிறந்ததும் விறாந்தைக்கு வருவார், பிறகு குசினிக்குப் பக்கத்துப் பத்திக்கு. ஆலங்கேணியில் நான் போன ஒரு வீட்டில் அந்தப் பத்தியின் ஒரு மூலையில் தேங்காய் குவித்திருந்தது, மறு மூலையில் அம்மா. தலைமாட்டில் கொழுவியிருந்த ஆணியில் கிளினிக் கொப்பி தொங்கியது. வீடு கட்டிய செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுமந்தவர் அவர்.

ஆகவே இன்னும் எழுதிக்கொடுக்காதவர்களுக்கு முதலில் சொல்கிறேன். நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ எழுதும்போது உங்களுடைய ஆயுட்கால உரித்தை ஒதுக்கிவைத்து எழுதச் சொல்லுங்கள். பழைய உறுதிகளில் இதைச் சீவிய உருத்து என்பார்கள். நீங்கள் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதை அனுபவிக்கவும் உங்களுக்குள்ள உரிமை அது. ஒரே ஒரு வாசகம்தான். கணவன் மனைவி இருவருடைய பெயரும் அதில் வர வேண்டும். தகப்பனின் பெயரை மட்டும் போட்டுவிட்டு, அவர் இறந்ததும் தாய் நிர்க்கதியானதைக் கண்டிருக்கிறேன். நொத்தாரிசு வாசித்துக்காட்டும்போது அந்த வாசகம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று தயங்க வேண்டாம். சம்பந்தம் பேசும் நாளிலேயே இதையும் பேசி முடிப்பது எல்லாருக்கும் நல்லது.

எழுதிக்கொடுத்துவிட்டவர்கள் உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சில உறுதிகளில் ஆயுட்கால உரித்து இருக்கும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலே. இருந்தால் உங்களை வெளியேற்ற முடியாது. இல்லையென்றாலும் ஒரு வாசல் உண்டு. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நன்கொடை பெற்றவர் பாரதூரமாக நன்றிகெட்டு நடந்தால், மீளப்பெற முடியாததென்று எழுதிய நன்கொடையையும் இரத்துச் செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். இன்னொரு உறுதி எழுதி நீங்களாகவே இரத்துச் செய்துவிட முடியாது, நீதிமன்றக் கட்டளை வேண்டும். வழக்கிடுவதற்குக் காலவரையறை இருப்பதால் “மகள் மாறிவிடுவாள்” என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் வழக்கு மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். வென்ற பிறகும் அதே முற்றத்தில் அதே மகளின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. மத்தியஸ்த சபையில் உட்கார்ந்து ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கிளினிக் நாளில் கூட்டிப்போக ஆள் என்று எழுத்தில் முடிவெடுத்த குடும்பங்கள் சில இன்று ஓரளவு அமைதியாக இருக்கின்றன. அடி உதை நடக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

அரச காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு விதிகள் வேறு. பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேட்காமல் ஒன்றிலும் கையெழுத்திடாதீர்கள்.

பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், ஒரு சதமும் தருவதில்லை. கேட்க முடியுமா?

முடியும். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத முதியவர், பிள்ளைகள் மாதந்தோறும் பணம் தர வேண்டுமென்ற கட்டளையைக் கோரி, முதியோர் உரிமைகள் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோருக்கான தேசிய செயலகம் பத்தரமுல்லையில் இருந்தாலும் பிரதேச செயலகத்து முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமிருந்தே தொடங்கலாம். உங்கள் மாதச் செலவை எழுதிக்கொண்டு போங்கள்: மருந்து, பால்மா, கிளினிக் போய்வர முச்சக்கரவண்டி, முதியோர் டயப்பர். ஒரு மாதம் கொப்பியில் குறித்துவைத்தால் போதும்.

கணவன் கைவிட்ட மனைவி, வயது எதுவானாலும், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அறுபத்தைந்து வயதில் போவது வெட்கம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மகன் குடித்துவிட்டு அடிக்கிறான். வங்கி அட்டையும் அவனிடம்தான்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிமாருக்கு மட்டுமானதென்று பலர் நினைக்கிறார்கள். தாய், தகப்பன், பாட்டன், பாட்டியும் அதில் பாதுகாப்புக் கேட்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்களுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை. அடிப்பதோடு, தொடர்ந்து இழிவுபடுத்திக் கொடுமைப்படுத்துவதும் சட்டத்துக்குள் வருகிறது. மகனைச் சிறையில் தள்ளும் வழக்கு என்று இதை நினைத்துத் தாய்மார் பின்வாங்குகிறார்கள். கட்டளை அவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. அதை மீறினால்தான் தண்டனை.

அட்டை விடயத்தில் அதே நாளில் வங்கிக்குப் போய் அட்டையை முடக்கி, புத்தகத்தில் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ எடுக்கும் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வரும் பணம் உங்களுடையது. “அம்மாவுக்கு எதுக்குக் காசு, சாப்பாடு போடுகிறோமே” என்று சொல்லும் பிள்ளைகளிடம், தேநீர்க் கடையில் தன் காசில் ஒரு வடை வாங்கித் தின்ன அம்மாவுக்கு ஆசை இருக்காதா என்று நான் கேட்பதுண்டு.

முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதிவை. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவுசெய்ய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் படுக்கை விரிப்பு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் யோசியுங்கள். பிறகு அறிவிக்காமல் ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். மலசலகூடத்தில் கைப்பிடி இருக்கிறதா, கிளினிக் நாளில் யார் கூட்டிப்போகிறார்கள், இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஆள், விரதம், தொழுகை, உணவு வழக்கங்களுக்கு இடம் உண்டா என்று கேளுங்கள்.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், உறுதி மூன்றும் முதியவரிடமோ அவர் நம்பும் உறவினரிடமோ இருக்கட்டும். “சேரும்போது காணியை இல்லத்துக்கு எழுதித் தாருங்கள்” என்று எவர் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆதரவற்றவர்களை அரச இல்லத்தில் சேர்க்க மாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். மாகாணத் தலைமையகம் நம்முடைய நகரத்தில்தான் இருக்கிறது என்பதால் மட்டக்களப்பாரையும் அம்பாறையாரையும்விட இதில் நமக்கு அலைச்சல் குறைவு.

எதுவாயினும் போகப்போகிறவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். கிளினிக் போகலாம் என்று சொல்லிக் கூட்டிவந்து இல்லத்தில் விட்டுப்போன ஓர் அம்மா, இரண்டு வாரம் ஒவ்வொரு காலையும் சேலை மாற்றி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு மறதி நோய். வங்கிக்கும் காணிக்கும் யார் கையெழுத்துப் போடுவது?

மனத்தெளிவு இருக்கும்போது அவர் விரும்பும் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்திட்டுக் காரியம் செய்யும் அதிகாரம், எழுதிக்கொடுக்கலாம். கொடுத்தவர் தெளிவை முற்றாக இழந்த பிறகு அதன் மேல் நின்று காரியம் செய்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய்விடும். அந்தக் கட்டத்தில், சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்பதுதான் வழி. நோயின் தொடக்கத்திலேயே வைத்தியரின் அறிக்கையோடு சட்டத்தரணியைப் பாருங்கள். தெளிவில்லாதவரின் பெருவிரலைப் பிடித்து அழுத்தி எடுத்த கைநாட்டு ஒருநாள் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

கடதாசிகள் ஒன்றும் இல்லை. சிலது சண்டையில் எரிந்தது, மிச்சத்தைக் கடல் கொண்டுபோனது.

2006இல் சம்பூரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள், 2004 சுனாமியில் கரையோரம் முழுவதையும் இழந்தவர்கள், அதற்கு முன்பு 1990இல் காட்டுக்குள் ஓடியவர்கள் என்று நம்மிடம் இது சாதாரணக் கதை. பிறப்புப் பதிவு இருந்தால் மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் மூலம் போக வேண்டும். பழைய கிளினிக் கொப்பி, கோயில் அல்லது பள்ளிவாசல் திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயர், அகதி முகாம் நிவாரண அட்டை எல்லாம் துணை ஆதாரங்கள்தாம்.

ஒரு கடதாசியில் “தங்கம்மா”, இன்னொன்றில் “தங்கம்மை” என்று பெயர் மாறியிருந்தால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். கொடுப்பனவு நின்றுபோன பிறகு ஓடுவதைவிட இப்போதே செய்வது சுலபம்.

எவ்வளவு அலைந்தும் அலுவலகத்தில் பதில் தருவதில்லை.

வாயால் கேட்பதை நிறுத்தி எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை வாங்குங்கள். அலுவலகமொன்றில் ஒரு விண்ணப்பம் மூன்று முறை காணாமற்போனது. நான்காம் முறை முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொண்டு வந்தோம், அது காணாமற்போகவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கேட்பவரின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புள்ள தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள். பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

அரச அலுவலகமோ வைத்தியசாலையோ பாகுபாடு காட்டியிருந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதற்கான காலம் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவிடம் போயிருந்தால் அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த மாதத்தில் கணக்கிடுவதில்லை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. ஆலோசனையும், தகுதி இருந்தால் நீதிமன்றத்தில் ஆஜராவதும் இலவசம். வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலைக் கொண்டுபோங்கள்.

அம்மாவால் பஸ் ஏற முடியாது. அவருக்குப் பதிலாக நான் உங்களிடம் வரலாமா?

வரலாம். வரும்போது கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, உறுதி இருந்தால் அதன் பிரதி, அலுவலகங்களிலிருந்து வந்த எல்லாக் கடிதங்களையும் கொண்டுவாருங்கள். எது தேவை எது தேவையில்லை என்று வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டாம், பையோடு வந்துவிடுங்கள். புறப்படுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதிவாருங்கள்: “அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?” அண்மையில் ஒரு மகன் எழுதிவந்த தாளில் காணியும் இல்லை, காசும் இல்லை. “கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லு” என்று இருந்தது.